மூலையில் உட்கார்ந்தவன்

மருமகள்: அதை அங்கயே வைங்க அத்தை. ராஜா கதை ஆகாது.

மாமியார்: ஏன், ராஜாவுக்கு என்ன குறைச்சல்?

மருமகள்: குறைச்சல் ஒண்ணும் இல்ல. அப்பனுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் ஒரே பேரு, அதான் தொல்லை. பட்டன் பொறுக்கிக்கிட்டே கேக்கறவங்க, எந்த ராஜா யாரைக் குத்தினான்னு எங்க ஞாபகம் வெச்சுக்குவாங்க? சாப்பிட்டுத் திரும்பி வந்தா செத்தவன் முடி சூட்டிக்கிட்டிருப்பான்.

மாமியார்: சரி... இது? அட்டையில கப்பல் போட்டிருக்கு.

மருமகள்: கப்பல் வேணாம்.

மாமியார்: வேணாம்னா வேணாம். அதுக்கு ஏன் மூஞ்சியை அப்படி வெச்சுக்கற?

கடைக்காரர்: பாத்துக் கலைங்கம்மா. அடுக்கினது நேத்துத்தான். என்ன வேணும்னு சொன்னா நானே எடுத்துத் தந்துட்டுப் போறேன். நாவலா, வரலாறா, வைத்தியமா, சட்டமா?

மருமகள்: அதுதாண்ணே எனக்கே தெரியல. நாப்பது பேருக்கும் பிடிக்கணும்.

கடைக்காரர்: நாப்பது பேரா? நீ உனக்கு வாங்கறேன்னுல்ல நெனச்சேன். ஒரு மாசம் கொலைக் கதை, அடுத்த மாசம் ஈரல் வைத்தியம், அப்புறம் நட்சத்திரம், அப்புறம் வாடகைச் சட்டம்... இந்தப் பொண்ணுக்கு வீட்ல என்ன பிரச்சினையோன்னு நானும் எம் பொண்டாட்டியும் பேசிக்காத நாளில்ல.

மாமியார்: வீட்ல பிரச்சினை நான்தான். மத்தபடி சௌகரியமாத்தான் இருக்கா.

மருமகள்: இவங்க எங்க அத்தை. ரெண்டு பேருமே பட்டன் கம்பெனி. தரம் பிரிக்கற கூடம். அங்க மெஷின் கிடையாதுண்ணே, எல்லாம் கைவேலை. சாயம் திட்டு விழுந்தது, விளிம்பு உடைஞ்சது, ஓட்டை கோணினதுன்னு பொறுக்கிப் போடணும். நாள் பூரா ஒரே வேலை. அதனால கூடத்துக்கு நடுவுல ஒரு ஸ்டூல் போட்டு ஒருத்தர் சத்தமா புத்தகம் படிக்கறது. அது நான்.

மாமியார்: இவ பங்குப் பட்டனை நாங்க ஆளுக்கொரு பிடி எடுத்துக்குவோம். எங்க பிடியோட சேத்து அதையும் பொறுக்கிருவோம். கம்பெனிக்குக் கணக்கு சரியா இருக்கும், எங்களுக்குக் கதை இருக்கும்.

கடைக்காரர்: அட, இது நல்லாருக்கே. ஆக, கைக்கு வேலையில்லாம வாய்க்கு மட்டும் சம்பளம் வாங்கற ஆளு நீ.

மருமகள்: கை ஒழுங்கா இருந்தா நானும் பொறுக்கித்தாண்ணே இருப்பேன். இந்தாங்க, பாருங்க.

கடைக்காரர்: அடடா... தெரியாமச் சொல்லிட்டேன் தங்கச்சி. மனசுல வெச்சுக்காத.

மருமகள்: ஐயோ, அதெல்லாம் இல்ல. முன்னாடி பட்டன் அடிக்கற கூடத்துல இருந்தேன், அங்க அச்சு மெஷின்ல மாட்டினது. பெருவிரலும் சுண்டுவிரலும்தான் சொன்ன பேச்சு கேக்குது. பக்கம் புரட்ட வரும், பட்டன் பிடிக்க வராது. அதனாலதான் இந்த ஸ்டூல் எனக்குச் சோறு. திங்கக்கிழமை நான் கொண்டு போற புத்தகம் பிடிக்கலன்னா அந்தச் சோறும் போச்சு.

கடைக்காரர்: ஒரு புத்தகம் பிடிக்கலன்னா வேலையே போயிருமா?

மருமகள்: ஒண்ணுன்னா போகாது. அடுத்தடுத்து ரெண்டு போனா போயிரும். எங்களுக்கு ஒரு முறை இருக்கு. கதை சலிச்சா யாராவது பட்டன் அள்ளற கரண்டியால தகரத் தட்டைத் தட்டுவாங்க. ஒருத்தர் தட்டிட்டு மத்தவங்க சும்மா இருந்தா நான் கேக்காத மாதிரி படிச்சுக்கிட்டே போவேன். பாதிக் கூடம் தட்டிருச்சுன்னா அந்த வரியோட மூடிடணும். போன வியாழக்கிழமை ஒரு புத்தகத்தைத் தட்டிட்டாங்க. அடுத்ததையும் தட்டினா கூடத்துக்கு ஸ்பீக்கர் வந்துரும், நாள் பூரா பாட்டு. சூப்பர்வைசர் அதை வாங்கி, பிரிக்காம மேசை மேல வெச்சிருக்காரு. ஸ்பீக்கர் வந்தா எம் பங்கை எனக்கே திருப்பிக் கொடுத்துருவாங்க. இந்தக் கையோட நான் எத்தனை நாள் தாங்குவேன்?

மாமியார்: அதெல்லாம் தாங்கற நெலைமை வராது. நீ நல்ல புத்தகமா பாரு.

மருமகள்: பாக்கத்தானே வந்திருக்கேன். கூட்டத்துக்குப் புத்தகம் பிடிக்கறதுல என்னை யாரும் மிஞ்ச முடியாது அத்தை, அதை மட்டும் சொல்லிடறேன்.

கடைக்காரர்: அப்ப கொலைக் கதை எடுத்துக்க. இப்ப எல்லாரும் வந்து கேக்கறது இதுதான். கடைசிப் பக்கம் வரைக்கும் யாரு செஞ்சான்னு தெரியாது.

மருமகள்: எங்க கூடத்துல மூணாம் பக்கத்துலயே தெரிஞ்சிரும்ணே. நாப்பது தலை ஒண்ணா யோசிக்குதுல்ல. போன தடவை தோட்டக்காரன் உள்ள வந்து 'வணக்கம்'னுதான் சொன்னான், 'இவன்தான்'னு பின்னால இருந்து ஒரு குரல். அப்புறம் அவன் எத்தனை நல்ல காரியம் பண்ணியும் ஒருத்தரும் நம்பல.

மாமியார்: அவன்தானே செஞ்சான்?

மருமகள்: அவன்தான் செஞ்சான். அது வேற விஷயம்.

கடைக்காரர்: சமையல்? படமெல்லாம் போட்டது.

மருமகள்: ஒரு தடவை படிச்சேன். மணி அடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே எல்லாரும் டப்பாவைத் தொறந்துட்டாங்க. 'வெங்காயம் பொன்னிறமா வந்ததும்'னு சொன்னா போதும், கூடமே பெருமூச்சு விடுது. வேலை ஓடல.

மாமியார்: அந்த ஈரல் புத்தகத்தைச் சொல்லு இவருக்கு.

மருமகள்: அதை ஏன் கேக்கறீங்க. ஈரல் அத்தியாயம் முடிச்ச மறுநாள் பாதிப் பேரு லீவு. எல்லாருக்கும் ஈரல். அடுத்தது கண்ணு. அது வர்றதுக்குள்ள சூப்பர்வைசரே வந்து புத்தகத்தை வாங்கிட்டுப் போயிட்டாரு. அவரு அதை வீட்ல வெச்சுப் படிச்சாருன்னு நெனைக்கறேன். ஒரு வாரம் கையில நாடி பாத்துக்கிட்டே நடந்தாரு.

கடைக்காரர்: சட்டம்?

மருமகள்: சட்டம் நல்லாப் போச்சு. யாரும் எதிர்பாக்கல. குடியிருக்கறவங்களுக்கு என்ன உரிமைன்னு ஒரு பாகம். ஜன்னலோரம் உக்காந்திருக்கற அக்கா அதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டுப் போயி வீட்டுக்காரன்கிட்ட ஒப்பிச்சிருக்காங்க. அடுத்த வாரமே கூரை ஒழுகறதை அடைச்சுக் கொடுத்துட்டான். அன்னிக்குக் கைதட்டினாங்க. தட்டு இல்ல, கை.

மாமியார்: முன்னேறறது எப்படின்னு ஒண்ணு கொண்டு வந்தாளே, அது ஒரு நாள் கூடத் தாங்கல. 'வெற்றி வேணுமா, காலையில அஞ்சு மணிக்கு எந்திரி'ன்னு ஆரம்பிக்குது. நாங்கல்லாம் நாலு மணிக்கு எந்திரிக்கறவங்க. ஒரு மணி நேரம் கூடத் தூங்கச் சொல்றான் போலன்னு முதல்ல சந்தோஷப்பட்டோம்.

கடைக்காரர்: கவிதை?

மருமகள்: கவிதை பிடிச்சிருந்துச்சு. ஆனா கேக்கறப்ப கை நின்னு போகுதுண்ணே. நாப்பது கையும் அப்படியே நிக்குது. கேக்க நல்லாருக்கு, கம்பெனிக்கு ஆகாது. நட்சத்திரம்தான் இதுவரைக்கும் எல்லாரும் கேட்டுக் கேட்டுப் படிக்கச் சொன்னது. சாயங்காலம் வேலை விட்டு வெளிய வர்றப்ப எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நடந்து, ஒருத்தர் கால ஒருத்தர் மிதிச்சாங்க.

கடைக்காரர்: இதோ பாரு, எறும்பு பத்தி ஒண்ணு இருக்கு. எறும்பு எப்படிக் குடும்பம் நடத்துது, எப்படிச் சண்டை போடுது, எல்லாம் இருக்கு. படிச்சா கீழ வைக்க மாட்ட.

மருமகள்: எறும்பா... ராணி உண்டா?

கடைக்காரர்: ராணி உண்டு. வேலைக்காரி உண்டு. ஒண்ணு தூக்க முடியாததைப் பத்துத் தூக்கும்.

மருமகள்: அது நம்ம கூடம்தான். அதைத் தனியா வைங்கண்ணே. பாக்கலாம்.

கடைக்காரர்: எல்லாஞ்சரி, தட்டினது எந்தப் புத்தகத்தைன்னு சொல்லலியே.

மருமகள்: அது கிடக்கட்டும்.

மாமியார்: நீங்க கொடுத்ததுதான். தலகாணி.

கடைக்காரர்: தலகாணியா?

மாமியார்: அவ்வளவு தடியா இருக்குதுல்ல, அதான் கூடத்துல வெச்ச பேரு. அண்ணனும் தங்கச்சியும், கடலோரத்துல சத்திரம் நடத்தறாங்களே, அது.

கடைக்காரர்: அதையா தட்டினாங்க? ஐயையோ. தங்கச்சி, அது எப்பேர்ப்பட்ட புத்தகம். எங்கப்பா காலத்துலேர்ந்து வித்துக்கிட்டிருக்கேன். வாங்கிட்டுப் போனவங்க ஒருத்தரும் திருப்பிக் கொண்டு வந்து போட்டதில்ல. கல்லு மாதிரி உக்காந்து கேக்க வேண்டிய கதை. அந்த அண்ணன்காரன் படகை எடுத்துக்கிட்டு...

மருமகள்: அண்ணே, மேல் தட்டுல அது என்ன சிவப்பு அட்டை?

கடைக்காரர்: எது? அதுவா... அது ஓவியக்காரர் ஒருத்தரோட வாழ்க்கை. அதுவும் நல்லாருக்கும்.

மருமகள்: எடுங்களேன் பாக்கலாம்.

கடைக்காரர்: ஏணி போடணும். இரு.

மாமியார்: பேர் போன புத்தகம்னு சொல்லித்தான் இவளும் கொண்டு வந்தா. ஆரம்பத்துல நல்லாத்தான் போச்சு, குறை சொல்லக் கூடாது.

மருமகள்: பேர் போன புத்தகத்துல ஒரே ஒரு தொல்லைதான் அத்தை. முதல் அம்பது பக்கம் மலையும் மரமும் மேகமும். அதுக்கப்புறம்தான் ஆளுங்க வருவாங்க. நான் என்ன பண்ணுவேன்னா, மலையைத் தாண்டிட்டு ஆளுங்களைச் சீக்கிரம் கூட்டிட்டு வந்துருவேன். அதனாலதான் எங்க கூடத்துல பெரிய பெரிய புத்தகமெல்லாம் ஓடுது.

மாமியார்: மலையை மட்டுமா தாண்டுவ?

மருமகள்: வேற எதைத் தாண்டினேன்?

மாமியார்: நான் சும்மா கேட்டேன்... அந்த மூலைக்காரனைத்தான் யாராலயும் தாங்க முடியல.

கடைக்காரர்: யாரு மூலைக்காரன்?

மாமியார்: அதான், அந்த அண்ணன். எந்நேரமும் மூலையில உக்காந்திருக்கானே. தங்கச்சி கடன்காரனோட மல்லுக்கட்டறா, அவன் மூலையில உக்காந்து டீ குடிக்கறான். தங்கச்சி கோர்ட்டுக்குப் போறா, அவன் மூலையில உக்காந்து செருப்புத் தைக்கறான். சத்திரம் பத்தி எரியுது சாமி, சத்திரம். அவன் மூலையில உக்காந்து 'ஜாக்கிரதை'ங்கறான். எந்திரிச்சு ஒரு வாளித் தண்ணி ஊத்தினானா? இல்ல.

மருமகள்: அவன் சுபாவம் அப்படி.

மாமியார்: என்ன சுபாவம்? முன்னாடியெல்லாம் அப்படியா இருந்தான்? பாதி வரைக்கும் பம்பரமா சுத்தினான். திடீர்னு ஒரு நாள் மூலையில உக்காந்தான், அதோட சரி.

கடைக்காரர்: நில்லுங்க, நில்லுங்க. எந்த அண்ணன்? அந்தப் புத்தகத்துல அவன் பாதியிலயே...

மருமகள்: அண்ணே, ஏணி ஆடுது. பாத்து.

கடைக்காரர்: ஏணி நல்லாத்தான் நிக்குது. நான் என்ன சொல்றேன்னா...

மருமகள்: அந்தச் சிவப்பு வேணாம்ணே, பக்கத்துல இருக்கே பச்சை, அதைக் கொடுங்க.

கடைக்காரர்: அது ரயில்வே டைம்டேபிள்மா. பழசு.

மாமியார்: அதையும் கேப்பா, கொடுங்க.

மருமகள்: அத்தை, நீங்க கொஞ்சம் வெளிய பெஞ்சில உக்காருங்களேன். தூசி ஆகாது உங்களுக்கு.

மாமியார்: காலையிலேருந்து தூசியிலதான் நிக்கறேன், இப்பதான் உனக்குத் தெரிஞ்சுதா? நான் போகல. கடைக்காரரே, குழந்தை வளக்கறது பத்தி ஏதாவது இருக்கா? எங்க கூடத்துல ரெண்டு பேரு முழுகாம இருக்காங்க.

கடைக்காரர்: இருக்கு. உள் ரூம்ல கட்டிப் போட்டிருக்கேன். ஆனா கட்டு அடியில கிடக்கு, நேரமாகுமே.

மாமியார்: ஆகட்டும். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.

கடைக்காரர்: அப்ப இருங்க, வந்துட்டேன்.

மருமகள்: குழந்தை வளக்கறதா? நாப்பது பேருக்கு நான் தடுப்பூசி அட்டவணை படிக்கறதா?

மாமியார்: அவரு போயிட்டாரா?

மருமகள்: போயிட்டாரு. ஏன்?

மாமியார்: இப்பச் சொல்லு. அவன் எந்தப் பக்கத்துல செத்தான்?

மருமகள்: யாரு?

மாமியார்: மூலைக்காரன்.

மருமகள்: என்ன பேசறீங்க அத்தை. அவன்தான் உயிரோட...

மாமியார்: 'மறுநாள் படகு மட்டும் வந்தது. அலை அவனைத் திருப்பித் தரவில்லை.' அதுக்குக் கீழ கொஞ்சம் வெள்ளையா விட்டிருக்கு. அப்புறம் புது அத்தியாயம்.

மருமகள்: யாரு உங்களுக்குப் படிச்சுக் காட்டினது? இந்தக் கடைக்காரரா?

மாமியார்: அவரை இன்னிக்குத்தானே பாக்கறேன். யாரும் காட்டல. நானே படிச்சேன்.

மருமகள்: உங்களுக்கு எழுத்துத் தெரியாதே.

மாமியார்: தெரியாமத்தான் இருந்துச்சு. தெனம் ராத்திரி சாப்பிட்டுட்டு மறுநாளுக்கு நீ ஒத்திகை பாப்பல்ல? விரலை வரிக்கு அடியில ஓட்டிக்கிட்டே, சத்தமா. நான் பக்கத்துல உக்காந்து உன்னோட இன்னொரு கைக்கு எண்ணெய் தேச்சுவிடுவேன். காது கேட்டுக்கிட்டே இருக்கு, கண்ணு சும்மாத்தானே இருக்கு. அது பாட்டுக்கு உன் விரலுக்குப் பின்னாடியே போச்சு. கொஞ்ச நாள்ல 'அம்மா'ங்கறது எங்க வருதுன்னு தெரிஞ்சுது. அப்புறம் 'வந்தான்' தெரிஞ்சுது. அப்புறம் பஸ்ஸு போர்டு. ஒரு நாள் கேக்காமலே சரியான பஸ்ல ஏறிட்டேன். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, இந்த வயசுல என்னன்னு.

மருமகள்: இத்தனை நாளா...

மாமியார்: படகு கவிழற இடம் வந்த அன்னிக்கு ராத்திரி உன் விரல் ஒரு பக்கம் போச்சு, வாய் இன்னொரு பக்கம் போச்சு. அதுவரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் போகும். அதுல எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நீ தூங்கி எந்திரிக்கறதுக்கு முன்னாடி அடுப்படியில உக்காந்து எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆச்சு, அப்புறம் கொஞ்சம் வேகம் வந்துச்சு.

மருமகள்: அப்பவே ஏன் கேக்கல?

மாமியார்: நீ எதுக்குச் செஞ்சேன்னு தெரியல. எனக்காகன்னு நெனச்சேன். அப்புறம் உனக்காகத்தானோன்னு நெனச்சேன். எதுவா இருந்தாலும் நான் வாயைத் தொறந்தா நீ உடைஞ்சிருவியோன்னு பயம். அதான்.

மருமகள்: உங்களுக்காகத்தான். நெசமாச் சொல்றேன். ஒத்திகையில பயந்துக்கிட்டு வேற என்னமோ படிச்சுட்டேன், கூடத்துல உள்ளபடியே படிச்சுடலாம்னுதான் இருந்தேன். 'படகு கவிழ்ந்தது'ன்னு படிச்சுட்டு நிமிந்து பாத்தேன். எல்லார் கையும் ஓடுது, உங்க கை மட்டும் நின்னு போச்சு. விரல்ல ஒரு பட்டன் அப்படியே இருக்கு. அடுத்த வரி கண்ணுக்குத் தெரியுது, வாயில வர மாட்டேங்குது. 'அவன் நீந்திக் கரையேறினான்'னு சொல்லிட்டேன். உங்க கை திரும்ப ஓடுச்சு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

மாமியார்: சரி.

மருமகள்: கரையேத்திட்டேன். அதுக்கப்புறம் அவனை எங்க வைக்கறது? மிச்சம் இருக்கற முன்னூறு பக்கத்துல அவனுக்கு ஒரு வேலையும் இல்ல, செத்தவனுக்கு எவன் வேலை எழுதி வைப்பான்? விட்டுட்டா 'அண்ணன் எங்க'ன்னு கேப்பீங்க. அதான் மூலையில உக்கார வெச்சேன். தெனம் அவன் கையில என்ன கொடுக்கறதுன்னு யோசிச்சே எனக்குத் தூக்கம் போச்சு. டீ கொடுத்தேன், செருப்பு கொடுத்தேன், ஒரு நாள் பூனை கூடக் கொடுத்தேன்.

மாமியார்: பூனை நல்லாருந்துச்சு.

மருமகள்: சிரிக்காதீங்க அத்தை.

மாமியார்: சிரிக்காம? பத்தி எரியறப்ப 'ஜாக்கிரதை'ன்னானே, அன்னிக்கு நான் தட்டுக்குள்ள மூஞ்சியை மறைச்சுக்கிட்டேன். இங்க பாரு. கப்பல் வேலைக்குப் போன எம் புள்ள படகு கவுந்து போகல. கப்பல் கம்பெனிக்காரன் என்ன சொன்னான்? ஒரு ஊருல இறங்கினான், திரும்ப ஏறலன்னு சொன்னான். முங்கினவன் வேற, இறங்கினவன் வேற. இறங்கினவனுக்குக் காலு இருக்கு. வர்றதுன்னா நடந்து வரட்டும். வரலன்னா ஏன் வரலன்னு அவன் வாயால நம்ம ரெண்டு பேருக்கும் சொல்லட்டும். அதுக்கு, பாவம், யாரோ ஒருத்தன் ஈரத் துணியோட மூலையில உக்காந்து எதுக்குக் காத்துக்கிட்டிருக்கணும்?

மருமகள்: உங்க கை நின்னுச்சே.

மாமியார்: நின்னுச்சு. யாரு கைதான் நிக்காது? கொஞ்ச நேரம் நிக்கும், அப்புறம் ஓடும். நீ ஒரு வரி பொறுத்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும். அழறதுன்னா அழு. ஆனா புத்தகத்து மேல வேணாம், அந்த ஆளு இப்பத்தான் அடுக்கியிருக்காரு.

மருமகள்: அழல. கடுப்பா இருக்கு. அந்தப் புத்தகத்துலயே ரொம்ப நல்ல இடத்தை இவனாலதான் தாண்டிட்டேன், தெரியுமா உங்களுக்கு? அவன் செத்தப்புறம்தான்...

மாமியார்: தங்கச்சி படகைத் தள்ளிக்கிட்டுக் கடலுக்குப் போறா.

மருமகள்: அதையும் படிச்சீங்களா?

மாமியார்: வாயைத் தொறந்துக்கிட்டுப் படிச்சேன். அடுப்புல பாலு பொங்கினது கூடத் தெரியல. கரையில நின்னு ஊரே வேணாம் வேணாங்குது, அவ காதுலயே போட்டுக்கல. உள்ள பயம் தெரியுது, கை துடுப்பைப் போட்டுக்கிட்டே இருக்கு. இதையா நீ தாண்டினன்னு தெரிஞ்சப்ப எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே...

மருமகள்: என்ன பண்றது அத்தை? அண்ணன் உயிரோட மூலையில இருக்கறப்ப அவ எதுக்குப் படகைத் தொடப் போறா? தொட்டா 'நீ எந்திரிச்சுப் போடா'ன்னு கூடமே கத்தும். அந்த அத்தியாயத்தை அப்படியே மடிச்சு வெச்சுட்டேன்.

மாமியார்: அதனாலதான் சலிச்சுது. எல்லாரும் அவ எந்திரிப்பா எந்திரிப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. நீ எந்திரிக்க விடல.

கடைக்காரர்: பெரியம்மா, கிடைச்சிருச்சு. குழந்தை வளர்ப்பு. ஒரே ஒரு மூலை கரையான் தின்னிருக்கு, மத்தபடி குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. என்ன, ரெண்டு பேரும் ஒரு மாதிரி நிக்கறீங்க?

மாமியார்: தூசி. அந்தப் பெரிய புத்தகத்தைப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க. இவ தடுக்க மாட்டா.

கடைக்காரர்: சொல்லலாமா தங்கச்சி? வேற ஒண்ணுமில்லம்மா. அந்த அண்ணன்காரன் போன இடத்துலதான் அந்தப் புத்தகமே ஆரம்பிக்குது. அதுவரைக்கும் நடந்ததெல்லாம் வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டற மாதிரி. அதைக் கேட்டுட்டு ஒரு கூடம் தட்டினாங்கன்னா, படிச்சவங்க எங்கயோ கோட்டை விட்டுட்டாங்கன்னுதான் அர்த்தம். மனசுல வெச்சுக்காத.

மருமகள்: கோட்டை விட்டது நெசம்ணே.

கடைக்காரர்: அப்ப எறும்பு? ஓவியக்காரர்?

மருமகள்: எறும்பைக் கட்டி வைங்க. அடுத்த மாசத்துக்கு.

கடைக்காரர்: திங்கக்கிழமைக்கு?

மருமகள்: அதைத்தான் யோசிக்கறேன். ...அத்தை, அந்தப் பக்கத்துலேருந்து உள்ளது உள்ளபடி படிச்சேன்னா கூடம் கேக்கும். எனக்குத் தெரியும். துடுப்புப் போடற இடத்துல எவளும் மூச்சு விட மாட்டா. 'அவனை நான்தான் உக்கார வெச்சேன், மன்னிச்சுக்கங்க'ன்னு முதல்லயே சொல்லிடுவேன். திட்டுவாங்க, திட்டிட்டுப் போகட்டும்.

மாமியார்: திட்ட மாட்டாங்க. செருப்புத் தைச்சதை நெனச்சு நெனச்சுச் சிரிப்பாங்க.

மருமகள்: ஆனா முடியாதே.

கடைக்காரர்: ஏன் முடியாது?

மருமகள்: தட்டின புத்தகம்ணே. எங்க கூடத்துல தட்டினதைத் திரும்பத் தொறக்கணும்னா, முதல்ல தட்டினது யாரோ அவங்க எந்திரிச்சு, 'நான் தட்டினதை எடுத்துக்கறேன்'னு சொல்லணும். ரொம்ப நாளா அப்படித்தான். வியாழக்கிழமை என் கண்ணு புத்தகத்துல இருந்துச்சு. எனக்குப் பின்னால டங்குன்னு ஒரு சத்தம். நிமிர்றதுக்குள்ள எல்லாத் தட்டும் பேசுது. யாரு ஆரம்பிச்சதுன்னு தெரியல. கேட்டுப் பாத்தேன், ஒருத்தரும் ஒத்துக்கல. ஜன்னலோரத்து அக்காவா இருக்கும்னு நெனச்சு வெள்ளிக்கிழமை பூரா அவங்ககூட மூஞ்சி கொடுத்துப் பேசல. அவங்க சத்தியம் பண்றாங்க, நான் இல்லைன்னு.

மாமியார்: அவங்க இல்ல.

மருமகள்: அப்ப யாரு? அந்த மகராசி யாருன்னு மட்டும் தெரிஞ்சா கால்ல விழுந்தாவது எடுத்துக்கச் சொல்லிடுவேன் அத்தை.

மாமியார்: கால்லயெல்லாம் விழ வேணாம்... ஒருத்தி தட்டினா நீ நிமிந்து பாப்ப, என் மூஞ்சியைப் பாத்துப் புரிஞ்சுக்குவன்னு நெனச்சேன். பாதிக் கூடமும் கூடச் சேந்துக்கும்னு நான் என்ன கண்டேன்? திங்கக்கிழமை ஸ்டூலைப் போட்டு உக்காரு. நான் எந்திரிச்சு எடுத்துக்கறேன்.